தர்ப் ஓமரில் சீனக் கடைகள்: யார் யாரை விழுங்கினார்கள்?

14 ஜனவரி 2025 (வாசகர் கேள்வி)

டிசம்பரில் குடும்பத்தோடு மொரோக்கோ போயிருந்தோம். காசாபிளாங்காவில் தர்ப் ஓமர் என்ற மொத்த வியாபாரப் பகுதிக்கு வழிகாட்டி அழைத்துப் போனார். வரிசையாகச் சீனக் கடைகள். செருப்பு, பொம்மை, பிளாஸ்டிக் பூ, கைப்பை எல்லாம் அவர்கள் கையில். மூட்டை தூக்குகிறவர் மட்டும்தான் மொரோக்கோக்காரர். பத்து வருடம் போனால் அந்த ஊர் வியாபாரி தன் சந்தையிலேயே கூலியாகிவிடுவான் போலிருக்கிறது. அங்கே வசிப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சீனர்கள் சந்தையை விழுங்கிவிட்டார்கள்தானே?

15 ஜனவரி

இல்லை.

வழிகாட்டி உங்களை ஒரே தெருவில் நடத்திக் கூட்டிப் போயிருக்கிறார். அடுத்த முனையில் திரும்பியிருந்தால் தேயிலைக் கடைகள். அதற்கப்பால் கண்ணாடிப் பாத்திரம், மசாலா, மொரோக்கோ வீட்டு வரவேற்பறையில் சுவரோரம் போடும் நீளத் திண்டுகளுக்கான துணி. அங்கெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மொரோக்கோக்காரர். கல்லாவுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் சரக்கில் பாதிக்கு மேல் சீனாவிலிருந்து வந்தது. சீனச் சரக்கு வேறு, சீன வியாபாரி வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் பாதிக் குழப்பம்.

நான் இந்த ஊரில் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். கன்டெய்னர் யார் பெயருக்கு வருகிறது என்று பார்ப்பதே என் பிழைப்பு. நிங்போவிலிருந்தும் குவாங்சோவிலிருந்தும் வரும் பெட்டிகளில் பெறுநர் பெயர் பெரும்பாலும் மொரோக்கோப் பெயர்தான்.

15 ஜனவரி, இரவு

இன்னொன்று. 'அந்த ஊர் வியாபாரி' என்று எழுதியிருக்கிறீர்கள். தர்ப் ஓமரில் அந்த ஊர் வியாபாரி என்று யாரைச் சொல்வது?

பழைய முதலாளிகளில் ஒரு சாரார் ஃபெஸ் நகரத்துக் குடும்பங்கள். இன்னொரு சாரார் தெற்கே ஸூஸ் பகுதியிலிருந்து, ஆன்ட்டி அட்லஸ் மலையடிவாரத்துத் தஃப்ராவுத் போன்ற ஊர்களிலிருந்து வந்த அமாஸிக் (பெர்பர்) மக்கள். வீட்டில் பேசும் மொழியே அரபு கிடையாது. 1907இல் பிரெஞ்சுக்காரர்கள் துறைமுக வேலையைத் தொடங்கியபோது காசாபிளாங்கா ஒரு சிறு ஊர். எல்லோரும் அதன் பிறகு மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள்தான். ஸூஸ்காரர் மளிகைக் கடையின் பின்புறத்திலேயே படுத்துக்கொண்டு, அண்ணன் ஆறு மாதம், தம்பி ஆறு மாதம் என்று முறைவைத்துக் கடை பார்த்து, சேர்த்த பணத்தில் ஊரில் வீடு கட்டுவார். இன்றும் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் காசாபிளாங்காவில் ஒரு வாரம் மளிகைக் கடை திறந்திருக்காது. கடைக்காரர் ஊருக்குப் போயிருப்பார்.

சீனக் கடைக்காரர்களில் பலர் செஜியாங், ஃபூஜியான் மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். அங்கேயும் மலையும் கடலும் உண்டு, நிலம் குறைவு. கடையின் பின்புறம் படுக்கை, அண்ணன் தம்பி முறை, ஊரில் நாலு மாடி வீடு. ஸூஸ்காரருக்கு இவர்களைப் பார்த்தால் கோபம் வரலாம், ஆச்சரியம் வராது.

ஃபெஸ் குடும்பங்களின் கதை இன்னும் சுவையானது. 1830கள் வாக்கிலிருந்தே ஃபெஸ் வியாபாரிகள் மான்செஸ்டரில் குடியிருந்து பருத்தித் துணி வாங்கி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்து மழையில் ஜெல்லாபா என்ற நீள அங்கியும் தொப்பியுமாகத் திரிந்தவர்கள். அந்தக் குடியிருப்பு 1936இல்தான் முடிவுக்கு வந்தது. உற்பத்தியாகிற ஊருக்கே போய்ச் சரக்கு எடுக்கும் வித்தையைச் சீனர்களிடம் கற்றுக்கொள்ளும் நிலையில் மொரோக்கோ வியாபாரி இருந்ததே இல்லை.

19 ஜனவரி

இவர்கள் எப்போது வந்தார்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

மொரோக்கோவும் மக்கள் சீனமும் 1958இல் தூதரக உறவு வைத்துக்கொண்டன. ஆனால் சாதாரண மொரோக்கோ மக்கள் கண்ணால் பார்த்த முதல் சீனர் பெரும்பாலும் மருத்துவர். 1975 முதல் ஷாங்காயிலிருந்து மருத்துவக் குழுக்கள் முறைவைத்து வந்து மாகாண மருத்துவமனைகளில் வேலை செய்கின்றன. ஊசிகுத்தும் வைத்தியம் தெரிந்த சீன டாக்டர் என்றால் இங்கே கிழவிகளுக்கு இன்றும் தனி மரியாதை. 1980களின் பிற்பகுதியில் சீன மீன்பிடிக் கப்பல்கள் வந்தன. கடைக்காரர்கள் வந்தது அதற்கெல்லாம் பிறகு, 2000ஐ ஒட்டி. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. எந்த நாடு எவ்வளவு துணி ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்த ஒதுக்கீட்டு முறை 2005 தொடக்கத்தில் முடிந்தது. தர்ப் ஓமரில் சீனப் பலகைகள் கண்ணில் படத் தொடங்கியது அந்த வருடங்களில்தான்.

கடை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இரண்டு ஆள் கை நீட்டினால் சுவருக்குச் சுவர் எட்டும் அகலம். சுவர் முழுக்க ஒற்றைச் செருப்புகள். ஜோடி கிடையாது. ஒவ்வொன்றிலும் ஒரு எண் எழுதிய ஒட்டுத்தாள். அந்த எண்ணைச் சொன்னால் பையன் வேறெங்கோ இருக்கும் கிடங்கிலிருந்து அட்டைப்பெட்டி கொண்டுவருவான். பெட்டியாகத்தான் விற்பனை, ஒரு ஜோடி கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். மேசையில் பெரிய பொத்தான் வைத்த கால்குலேட்டர். விலையைத் தட்டி உங்கள் பக்கம் திருப்புவார். நீங்கள் அழித்துவிட்டு உங்கள் எண்ணைத் தட்டித் திருப்ப வேண்டும். முதல் சில வருடங்கள் வியாபாரம் முழுக்க இந்த ஊமை ஆட்டம்தான். இப்போது அந்தக் கடைக்காரர்கள் மொரோக்கோ அரபில் வசையே பேசுகிறார்கள். நல்ல சுத்தமான காசாபிளாங்கா வசை.

20 ஜனவரி

ஜோடியாக வைத்தால் திருடுவார்கள் என்பதற்காக ஒற்றைச் செருப்பா என்று கேட்ட நண்பருக்கு: ஆமாம். இடம் மிச்சமாகிறது என்பதும் உண்டு. திருட்டைத்தான் முதல் காரணமாகச் சொல்வார்கள்.

22 ஜனவரி

'விலையில்தான் சீனர்கள் அடித்தார்கள், அதற்கு மேல் என்ன ஆராய்ச்சி' என்று மேலே ஒருவர் முடித்துவிட்டார். விலை பாதிக் கதை. மீதியைத் தெரிந்துகொள்ளக் கடன் சிட்டையைப் பார்க்க வேண்டும்.

தர்ப் ஓமர் ஓடுவது கடனில். பெனி மெல்லாலிலிருந்தோ எர்ராஷிதியாவிலிருந்தோ ஒரு சில்லறைக் கடைக்காரர் இரவு பஸ் ஏறி வருவார். தன் தகப்பன் காலத்திலிருந்து சரக்கெடுக்கும் மொத்தக் கடைக்குப் போவார். தேநீர் வரும். சரக்கெடுப்பார். கொஞ்சம் ரொக்கம், மீதிக்குப் பின்தேதியிட்ட காசோலை, அறுபது நாளோ தொண்ணூறு நாளோ. நெருங்கிய ஆளாக இருந்தால் காசோலையும் வேண்டாம், பேரேட்டில் ஒரு வரி போதும். மொத்த வியாபாரிதான் அந்தச் சில்லறைக் கடைக்காரரின் வங்கி. மகள் கல்யாணத்துக்குக் கைமாற்று வாங்குவதும் அவரிடமே.

சீனக் கடை வந்தபோது இந்தச் சடங்கு எதுவும் இல்லை. தகப்பன் பெயரை யாரும் கேட்கவில்லை. காசை வை, சரக்கை எடு. லாபம் பெட்டிக்குச் சில திர்ஹம். ஆளுக்கொரு விலை இல்லை.

இங்கேதான் வேடிக்கை. சில்லறைக் கடைக்காரரிடம் ரொக்கம் எவ்வளவு இருக்கும்? கையளவுதான். அதைச் சீனக் கடையில் வைத்துவிட்டு, பழைய மொத்த வியாபாரியிடம் வந்து, 'பாக்கியை அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று சொல்லத் தொடங்கினார். மொரோக்கோ முதலாளி கொடுத்த கடன் நீண்டது. அந்த நீட்சியில் மிச்சமான ரொக்கம் சீனக் கல்லாவுக்குப் போனது. தன் போட்டியாளனின் வியாபாரத்துக்குத் தானே வட்டியில்லாக் கடன் கொடுத்தவர் நிலை. எங்கள் அலுவலகம் மூலம் சரக்கு வரவழைக்கும் பழைய முதலாளி ஒருவர் சீனர்களைப் பற்றிப் பேசும்போது விலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். 'என் ஆட்களைக் கெடுத்துவிட்டார்கள்' என்பார். ஆட்கள் என்று அவர் சொல்வது அந்தச் சில்லறைக் கடைக்காரர்களை.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. சீனக் கடைகள் பெருகின. ஒரே செருப்பு, ஒரே ஒட்டுத்தாள், அடுத்தடுத்த வாசல். விலையை இதற்கு மேல் குறைக்க முடியாது என்ற இடம் வந்ததும், ஒருவர் சத்தமில்லாமல் முப்பது நாள் தவணை கொடுத்தார். அடுத்தவர் அறுபது. சில வருடங்களில் அவர்களும் மேசை இழுப்பறையில் காசோலைகளை ரப்பர் வளையம் போட்டு மாதவாரியாக அடுக்கி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். ரொக்கமாக விற்க வந்தவர்கள் பாக்கி வசூலிக்க உட்கார்ந்தார்கள்.

காசோலை திரும்பினால்? இங்கே அது குற்றம், சிறைவரை போகும். ஆனால் எர்ராஷிதியாவில் இருப்பவனைத் தேடிப் போக ஆள் வேண்டும். ஸூஸ்காரருக்கு அங்கே மாமன் மகன் இருப்பான், பள்ளிவாசலில் நாலு பேர் முன்னால் கேட்பான். சீனக் கடைக்காரருக்கு யார் இருக்கிறார்கள்? வக்கீல். வக்கீல் செலவு பாக்கியைத் தின்றுவிடும்.

நான் அடிக்கடி போகும் கைப்பைக் கடை அம்மாள் ஒருவர் காசோலையை வாங்கியதும் தொகையைப் பார்க்கமாட்டார். முதலில் வங்கிக் கிளையின் ஊர்ப் பெயரைப் பார்ப்பார். பிரெஞ்சு எழுத்தைக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் எந்த ஊர்க் காசோலை திரும்பும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு ஊர்ப் பெயரைப் பார்த்தால் ஒன்றும் பேசாமல் காசோலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எந்த ஊர் என்று இங்கே எழுதமாட்டேன், அந்த ஊர்க்காரர் ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்.

24 ஜனவரி

22ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தால் சீனக் கடைக்காரர் பாவம் என்ற தொனி வந்துவிட்டது. அவ்வளவு பாவம் வேண்டாம். அவருக்குப் பின்னாலும் ஒரு கடன் இருக்கிறது. ஊரில் மைத்துனன் செருப்புப் பட்டறை வைத்திருப்பான், அல்லது செஜியாங்கில் இருக்கும் யீவூ மொத்தச் சந்தையில் தெரிந்த ஆள் இருப்பான். அங்கிருந்து சரக்கு வந்து, விற்று, பணம் போகச் சில மாதங்கள் ஆனாலும் பொறுப்பார்கள். மொரோக்கோ இறக்குமதியாளர் அதே பட்டறையில் வாங்கினால் முப்பது சதவீதம் முன்பணம், மீதியைக் கப்பல் ஏறும்போது கட்டு என்பார்கள். இந்த ஒரு வித்தியாசம் பல வருடங்களுக்குச் சீனக் கடையின் முதுகெலும்பாக இருந்தது.

ஆக அந்தச் சின்ன மேசை இரண்டு கடன்கள் சந்திக்கும் இடம். ஒரு பக்கம் செஜியாங் காத்திருக்கிறது, மறுபக்கம் எர்ராஷிதியா காக்கவைக்கிறது. நடுவில் கால்குலேட்டர்.

25 ஜனவரி

எர்ராஷிதியா எங்கே இருக்கிறது என்று கேட்டவருக்கு: சஹாராவுக்குப் போகும் வழியில். பேரீச்சம்பழம் நன்றாக இருக்கும். அந்தக் காசோலை ஊர் இது அல்ல, வீண் சந்தேகம் வேண்டாம்.

29 ஜனவரி

இன்று சீனப் புத்தாண்டு. தர்ப் ஓமரில் சில கடைக் கதவுகளில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கடை திறந்தே இருக்கிறது. ஊருக்குப் போனவர்கள் போய்விட்டார்கள், இருப்பவர்கள் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்துக்குத்தான் இது தலைவலி மாதம். ரமலான் மார்ச் தொடக்கத்தில் வருகிறது. ரமலானுக்கு முன் மொரோக்கோ வீடுகளில் தட்டு, கிண்ணம், தேநீர்க் கண்ணாடிக் குவளை எல்லாம் புதிதாக வாங்குவார்கள். அந்தச் சரக்கு இப்போது தெருவில் இருக்க வேண்டும். சீனாவில் பட்டறைகள் புத்தாண்டுக்குச் சில வாரம் முன்பே மூடத் தொடங்கிவிடும், தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதிலிருந்து பெரும்பாலான கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் வருகின்றன. பிறகு டாஞ்சியர் மெட் துறைமுகத்தில் பெட்டியை இறக்கிச் சின்னக் கப்பலில் மாற்றி ஏற்றிக் காசாபிளாங்கா வரும். எல்லாம் சேர்ந்து ஒன்றரை மாதத்துக்குமேல். நவம்பரில் ஏற்றாதவர் கதி இப்போது எங்கள் அலுவலக வாசலில் நிற்பது.

அடுத்த வருடம் இன்னும் அழகு. சீனப் புத்தாண்டு 2026 பிப்ரவரி 17. ரமலான், பிறையைப் பொறுத்து, 18 அல்லது 19. இரண்டு நாள்காட்டியும் ஒரே வாரத்தில் மோதுகின்றன. இதை இப்போதே ஞாபகப்படுத்தி ஆர்டர் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார் எங்கள் மேலாளர்.

3 பிப்ரவரி

அல்ஜீரியாவில் கலவரமே நடந்ததே, மொரோக்கோவில் ஏன் நடக்கவில்லை என்ற கேள்வி.

2009 ஆகஸ்டில் அல்ஜியர்ஸின் பாப் எஸ்ஸுவார் பகுதியில் நடந்ததைத்தான் சொல்கிறீர்கள். கடை வாசலில் கார் நிறுத்துவதில் தொடங்கிய வாய்ச்சண்டை தெருச்சண்டையாகி, சீனக் கடைகள் சூறையாடப்பட்டு, பலர் காயமடைந்தார்கள். அங்கே பின்னணி வேறு. அல்ஜீரியா எண்ணெய்ப் பணத்தில் நெடுஞ்சாலை, வீடுகள் என்று கட்டியபோது சீன நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் தொழிலாளர்களையே கொண்டுவந்தன. 265 மீட்டர் கோபுரத்தோடு நிற்கும் அல்ஜியர்ஸ் பெரிய மசூதியைக் கட்டியதும் சீன அரசு நிறுவனம்தான். வேலையில்லாத உள்ளூர் இளைஞன் கண்ணெதிரில் இன்னொரு நாட்டுக் கொத்தனார். கடைக்காரர்கள் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் வந்தார்கள், கோபமும் சேர்ந்தே அவர்கள் தலையில் விழுந்தது.

மொரோக்கோவுக்கு அப்படிப்பட்ட கட்டுமானப் படை வரவில்லை. வந்தவர்கள் கடை போட்டார்கள், கடைக்கு இரண்டு மூன்று மொரோக்கோப் பையன்களை வைத்தார்கள், வாடகையை மொரோக்கோச் சொந்தக்காரருக்குக் கொடுத்தார்கள். வாடகை மட்டுமா? தர்ப் ஓமரில் கடை கைமாறும்போது சாவிக்கென்று தனியாக ஒரு பெருந்தொகை கொடுக்க வேண்டும். சீனர்கள் போட்டிபோட்டு அதை ஏற்றிவிட்டார்கள். இடம் வைத்திருந்த பழைய முதலாளிகளில் சிலர் செருப்பு விற்பதைவிடச் சாவியை விற்பது லாபம் என்று கண்டுகொண்டார்கள். சீனர்கள் எங்களை அழித்தார்கள் என்று புலம்புபவரிடம், உங்கள் கடையை இப்போது யாருக்கு விட்டிருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். பேச்சு மாறிவிடும்.

கெய்ரோவில் இன்னொரு முறை. அங்கே சீனப் பெண்கள் பெரிய பையில் துணிமணியோடு மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டி விற்றார்கள். வீட்டுக்குள் போய்ப் பெண்களிடமே விற்கலாம் என்ற வசதி. காசாபிளாங்காவில் அதை நான் பார்த்ததில்லை. இங்கே அந்த வேலைக்கு ஏற்கெனவே போதுமான மொரோக்கோப் பெண்கள் இருக்கிறார்கள்.

9 பிப்ரவரி

'சீனப் பொருள் வந்து மொரோக்கோப் பண்பாடு போயிற்று' என்று ஒரு நீண்ட பதிவு. படித்தேன். பதிலுக்கு ஒரு தேநீர்த் தட்டு.

மொரோக்கோ வீட்டில் விருந்தாளிக்கு வரும் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தேயிலை, புதினா, சர்க்கரை, வெள்ளி நிறத்தில் வயிறு பெருத்த கூஜா. தேயிலை சீனாவுடையது. உலகத்தில் சீனப் பச்சைத் தேயிலையை மிக அதிகமாக வாங்கும் நாடு மொரோக்கோ. அது இங்கே ஊரெல்லாம் பரவியது 1850களில். கிரிமியப் போரால் பால்டிக் சந்தை அடைபட்டதும் பிரிட்டிஷ் வியாபாரிகள் மீந்த தேயிலையை டாஞ்சியரிலும் மொகதோரிலும் (இன்றைய எஸ்ஸவீரா) கொண்டுவந்து கொட்டினார்கள். அந்தக் கூஜா? பழைய குடும்பங்களில் பொக்கிஷமாக வைத்திருக்கும் கூஜாவின் அடியில் மான்செஸ்டர் தயாரிப்பாளர் ரிச்சர்ட் ரைட்டின் முத்திரை இருக்கும். ஃபெஸ் வியாபாரிகள் துணியோடு சேர்த்து அனுப்பிய சாமான். நூறு வருடத்துக்கு முன்பு அதுவும் வெளிநாட்டுத் தொழிற்சாலைப் பொருள். இன்று அதே வடிவத்தைச் சீனாவில் செய்து தர்ப் ஓமரில் பெட்டியாக விற்கிறார்கள். மொரோக்கோக்காரர்கள் மான்செஸ்டர் கூஜாவைப் பரம்பரைச் சொத்து என்றும் சீனக் கூஜாவைப் போலி என்றும் சொல்கிறார்கள்.

ஒரு நியாயம் உண்டு. மான்செஸ்டர் கூஜாவின் மூக்கு ஒழுகாது.

16 பிப்ரவரி

தேநீர்த் தட்டை வைத்து நான் ஜெயித்துவிட்டதாக இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் நிம்மதி இல்லை. யாருமே நஷ்டப்படவில்லை என்று என் பதிவுகளைப் படிப்பவர் நினைத்துவிடுவார்.

நஷ்டப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் தர்ப் ஓமரில் இல்லை. ஃபெஸ்ஸில் தோல் செருப்புத் தைப்பவர், காசாபிளாங்கா புறநகரில் இருபது பேரை வைத்துக் காலணிப் பட்டறை நடத்தியவர், மலிவு உடுப்புத் தைத்த பெண்கள். மொரோக்கோவின் மஞ்சள் தோல் செருப்பு உங்களுக்குத் தெரியும். அதே வடிவத்தில் ரெக்சின் மேல்பாகமும் ரப்பர் அடியுமாகச் சீனச் செருப்பு வந்தது. தோலுக்குக் கொடுப்பதில் சிறு பங்கு விலை. கைவினைஞர் சண்டையிட எதிரி யார்? கடையில் விற்றவர் சிலசமயம் சீனர், பெரும்பாலும் மொரோக்கோக்காரர். மாதிரிச் செருப்பை விமானத்தில் எடுத்துப்போய் யீவூவில் மேசைமேல் வைத்து 'இதேபோல் பத்தாயிரம் ஜோடி' என்று சொன்னவர் அநேகமாக மொரோக்கோக்காரர்தான். எங்கோ இருக்கும் சீனப் பட்டறைக்காரர் கனவிலா கண்டார் இந்தச் செருப்பின் கூரிய மூக்கை?

ஆகவே மொத்த வியாபாரியின் புலம்பலையும் கைவினைஞரின் புலம்பலையும் ஒரே குரலாகக் கேட்கக் கூடாது. இரண்டாமவர் பிழைப்பைக் கெடுத்ததில் முதலாமவருக்கும் கை உண்டு.

துணியில் சண்டை வேறு திசைக்கும் போனது. துருக்கியோடு செய்த வர்த்தக ஒப்பந்தம் 2006 முதல் அமலில் இருந்தது. துருக்கி உடுப்புகள் வந்து குவிந்ததும் மொரோக்கோ 2018இல் அவற்றின்மீது மறுபடி வரி போட்டது, 2020இல் ஒப்பந்தத்தையே திருத்தியது. இத்தனைக்கும் காசாபிளாங்காவில் துருக்கியர் கடையைப் பார்த்து யாரும் 'விழுங்கிவிட்டான்' என்று சொல்லிக் கேட்டதில்லை. துருக்கித் தொடர்களில் வரும் வீட்டு அலங்காரத்தைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். கண்ணுக்குப் பழகிய முகத்துக்கு ஒரு சலுகை உண்டு.

17 பிப்ரவரி

இந்தியர்கள் யாரும் இந்தச் சந்தையில் இல்லையா என்றால், தர்ப் ஓமரில் எனக்குத் தெரிந்து கடை இல்லை. டாஞ்சியரில் ஒரு காலத்தில் சிந்தி வியாபாரிகள் இருந்தார்கள். பக்கத்தில் ஸ்பெயின் வைத்திருக்கும் ஸியூட்டா நகரத்தில் சிந்திகள் இன்றும் கடை நடத்துகிறார்கள், கோயிலும் உண்டு. என்னைத் தெருவில் பார்ப்பவர்கள் பாடச் சொல்கிறார்கள். மொரோக்கோவில் இந்தியன் என்றால் பழைய இந்திப் பாட்டு தெரிந்திருக்க வேண்டும். தமிழன், இந்தி தெரியாது என்றால் நம்புவதில்லை.

5 மார்ச்

ரமலான் தொடங்கிவிட்டது. கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். மதியம் சீனக் கடைகளில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். உள்ளே முதலாளி நூடுல்ஸ் சாப்பிடுகிறார். பொது இடத்தில் நோன்பை முறிப்பதற்கான தண்டனை முஸ்லிம்களுக்குத்தான், அவர் வெளியே உட்கார்ந்தும் சாப்பிடலாம். ஆனால் வாசலில் நோன்போடு பையன் நிற்கிறான், வாடிக்கையாளர் வருகிறார்.

அந்தப் பையன்களைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும். சீனக் கடையில் சில வருடம் வேலை பார்த்த பையனுக்கு எந்த எண் எந்தப் பட்டறையிலிருந்து வருகிறது, என்ன விலைக்கு வருகிறது, பெட்டியில் எத்தனை ஜோடி உடைந்து வரும் என்பதெல்லாம் அத்துப்படி. கொஞ்சம் சீனமும் பேசுவான். ரபாத்திலும் காசாபிளாங்காவிலும் சீன மொழி கற்பிக்கும் கன்பூசியஸ் நிலையங்கள் இருக்கின்றன, எழுத்தும் கற்றுக்கொள்ளலாம். பிறகு ஒருநாள் அவன் மாமாவிடம் பணம் வாங்கிக்கொண்டு யீவூவுக்கு விமானம் ஏறிவிடுவான். எழுபத்தைந்தாயிரம் கடைகள் இருப்பதாகச் சொல்லும் சந்தை அது. அங்கே அரபு தெரிந்த தரகர், ஹலால் சாப்பாடு, பள்ளிவாசல் எல்லாம் உண்டு. முழுக் கன்டெய்னர் கட்டுப்படியாகாவிட்டால் நாலு பேர் சேர்ந்து ஒன்றைப் பங்கு போடுவார்கள். திரும்பி வந்து பழைய முதலாளிக்கு எதிர்வாசலில் கடை போடுவான்.

விழுங்கியது யார் என்ற கேள்விக்கு இந்தப் பையனை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது.

12 மார்ச்

சீனக் கடைகள் இப்போது கூடுகின்றனவா குறைகின்றனவா என்ற கேள்விக்கு: என் கண்ணுக்குக் குறைகின்றன, அதாவது சின்னச் சின்னச் சாமான் விற்கும் பழைய மாதிரிக் கடைகள். ஒரே அடியில் விழவில்லை. 2020 பிப்ரவரி முதல் மொரோக்கோவுக்கு வரும் பல பொருள்களுக்குத் தரச்சான்றை ஏற்றுமதியாகும் இடத்திலேயே வாங்கிவர வேண்டும். ஒரே பொருளைக் கன்டெய்னர் நிறைய ஏற்றும் பெரிய இறக்குமதியாளருக்கு அது ஒரு காகிதம். ஒரு பெட்டியில் முப்பது வகைச் சாமான் ஏற்றுபவருக்கு முப்பது தொல்லை. அடுத்த மாதமே கொரோனா, எல்லை மூடல். 2021இல் சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்கு நாற்பது அடிப் பெட்டியின் கட்டணம் 10,000 டாலரைத் தாண்டியது. பிளாஸ்டிக் பூ விற்று அதை எப்படிக் கட்டுவது? சிலர் போனார்கள், திரும்பவில்லை.

அதன் பிறகு கைப்பேசி. முதலில் அலிஎக்ஸ்பிரஸ், இப்போது தெமு என்ற சீன இணையக் கடைகள். 1,250 திர்ஹத்துக்குக் குறைவான இணையக் கொள்முதலுக்கு இருந்த வரிவிலக்கை அரசு 2022 ஜூலையில் நீக்கியது, ஆனாலும் பொட்டலங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கைப்பைக் கடை அம்மாளிடம் ஒரு பெண் கைப்பேசியைக் காட்டி 'இதே பை இங்கே இவ்வளவு' என்று பேரம் பேசியதைப் பார்த்தேன். அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படத்தை நன்றாகப் பார்த்தார். 'அங்கேயே வாங்கு, கிழிந்தால் அதனிடமே சொல்' என்றார். பெண் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டுதான் போனாள்.

இருக்கிறவர்களும் மாறிவிட்டார்கள். சிலர் கடையை மூடிக் கிடங்கு மட்டும் வைத்து, வாட்ஸப்பில் படம் அனுப்பி விற்கிறார்கள். சிலர் தையல் இயந்திரம், பிளாஸ்டிக் அச்சு என்று இயந்திரம் விற்கப் போய்விட்டார்கள். 2016 ஜூன் முதல் சீனர்களுக்கு விசா வேண்டாம் என்று ஆனதும் சுற்றுலா ஏஜென்சி, உணவு விடுதி என்று ஒரு கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. டாஞ்சியரிலும் கெனித்ராவிலும் சீனத் தொழிற்சாலைகளுக்காக வரும் பொறியாளர்கள் வேறு ரகம். இவர்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள், ஒப்பந்தம் முடிந்தால் விமானம். தர்ப் ஓமர் எங்கே இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது.

நிரந்தரமாகத் தங்குவார்களா என்றால் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. குழந்தையைச் சீனாவில் பாட்டியிடம் விட்டவர்கள் ஒருநாள் போய்விடுவார்கள் என்று நினைக்கிறேன். இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தவர்கள் போவது கஷ்டம். கைப்பைக் கடை அம்மாளின் மகன் கல்லாவில் உட்கார மறுக்கிறான். கணக்காளராகப் போகிறானாம். ஸூஸ்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள்.

18 மார்ச்

முதல் கேள்வி கேட்டவர் ஏப்ரலில் மறுபடி வருகிறாராம், தேநீர்க் கண்ணாடிக் குவளை வாங்க எந்தக் கடை என்று கேட்கிறார். விழுங்கப்பட்ட சந்தைக்கா?

கடைப் பெயர் சொல்லமாட்டேன். மொரோக்கோக் கடை, சீனக் கடை இரண்டிலும் விலை கேளுங்கள், ஒரே பட்டறைச் சரக்காகத்தான் இருக்கும். ஒரு பெட்டிக்குக் குறைந்து தரமாட்டார்கள். பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு கண்ணாடியாக வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள், விளிம்பில் கீறல் இருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகையும் கூஸ்கூஸ் சாப்பாடும் முடிந்து கடைக்காரர் திரும்ப நாலு மணி ஆகும். தள்ளுவண்டிக்காரரிடம் கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். உங்களுக்குக் காசோலை வசதி கிடையாது, ரொக்கம் எடுத்துவாருங்கள்.